என் தாலி ஐம்பத்தாறு நாள் இருந்த இடம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு ஜுவாலஜிதான படிச்சிருக்கு? அதுல ஈமுவப் பத்திப் பாடம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். மூன்று வருடம் நான் விலங்கியல் படித்ததில் ஈமு வந்தது ஒன்றரை வரி. பறக்க முடியாத பெரிய பறவை, ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளில் வாழ்வது. அந்த ஒன்றரை வரியையும் நான் சாய்ஸில் விட்டவள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நெறைய இருந்துச்சுங்க" என்றேன். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் முகத்துக்காக என்று நான் பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. எரியோட்டுக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள் வீடு. முருங்கை, கொஞ்சம் தென்னை, கிணற்றடியில் கீரைப்பாத்தி. வாசலுக்குக் கிழக்கே பத்தடி தள்ளி, ஆள் கழுத்து உயரத்துக்குக் கம்பிவலை அடித்த ஓர் அடைப்பு. அதற்குள்தான் அவை இரண்டும் இருந்தன.

டிவியைப் போட்டாலே ஈமு விளம்பரம் ஓடிய காலம் ஒன்று உண்டு. அப்போது என் மாமனாரும் ஒரு கம்பெனியிடம் குஞ்சுகள் வாங்கி வளர்த்தார். முட்டையெல்லாம் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கம்பெனியின் வண்டி ஒருநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. ஊரில் மற்றவர்களைப் போலவே அவரும் பறவைகளைக் கைகழுவினார். ஒரு ஜோடியை மட்டும் என் வீட்டுக்காரர் விடவில்லை. அவர் கையில் தவிடு தின்று வளர்ந்தவையாம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக மட்டும் போகவில்லை, அந்த ஜோடிக்கு ஒரு படித்த ஆளாகவும்தான் போயிருக்கிறேன் என்பது போன மறுநாளே தெரிந்துவிட்டது. "அது ஏன்மா திடீர் திடீர்னு நின்னு யோசிக்குது?" என்று மாமா கேட்டார். "ஜீரணம் ஆகுதுங்க மாமா" என்றேன். அவருக்கு முழுத் திருப்தி.

ஈமுவைப் படத்தில் பார்ப்பது வேறு, காலையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது தோளுக்குப் பின்னால் பார்ப்பது வேறு. கிட்டத்தட்ட ஆறடி உயரம். உடம்பு, மாடு இழுத்துக் கலைத்த வைக்கோற்போர்தான். செம்பழுப்புக் கண். நம்மைப் பார்க்கத் தொடங்கினால் பார்த்துக்கொண்டே இருக்கும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. அதன் அடித்தொண்டையிலிருந்து வரும் சத்தம், அடுத்த தெருவில் யாரோ தவிலைத் தட்டிப் பார்ப்பதுபோல் தும் தும் என்று கேட்கும். வந்த புதிதில் பக்கத்தில் ஏதோ விசேஷம் என்று நினைத்து நான் புடவை மாற்றிக்கொண்டுகூட நின்றிருக்கிறேன். ஆண் சாது. எப்போதாவது உறுமும், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே திருட்டுப் புத்தி. பளபளவென்று எதைக் கண்டாலும் விழுங்கிவிடும். ஆணி, நட்டு, ஊக்கு எதுவும் தப்பாது. பல் இல்லாத பிறவி. வயிற்றுக்குள் கல்லைப் போட்டு வைத்துத்தான் தீனியை அரைக்கும். கல்லோடு கல்லாக மற்றதும் அங்கே கிடக்கும். முதல் நாள் நான் வாசல் தெளிக்கப் போனபோதே ஆண் பறவை என் மூக்குத்தியை நோட்டம் விட்டது. அன்றிலிருந்து அதன்மேல் எனக்கு ஒரு கண். வீட்டில் இரும்பு பீரோவின் சாவி வேறு, நான் வருவதற்கு முந்தின வருடமே காணாமல் போயிருந்தது. அத்தைதான் எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டார் என்பது மாமாவின் கட்சி. பீரோவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் திறப்போம். நெம்பும்போதெல்லாம் மாமா ஒரு பெருமூச்சு விடுவார். அத்தை கையிலிருக்கும் பாத்திரத்தை ணங்கென்று வைப்பார்.

கல்யாணத்தன்று மஞ்சள் கயிற்றில் கட்டிய தாலியை மூன்றாம் மாதம் பிரித்துக் கோர்க்க வேண்டும். நல்ல நாள் பார்த்து அவிழ்த்து, குண்டும் காசும் பவளமும் சேர்த்துப் புதுக் கயிற்றில் கட்டுவார்கள். அவிழ்க்கிற அந்தச் சில நிமிடத்துக்குக்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று, முதலில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுவிடுவது வழக்கம். தை மாதம். பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்து வாடாமல் இருந்தது. அத்தை அதில் ஒரு கிழங்கை ஒடித்து எனக்குக் கட்டிவிட்டார்.

கிழக்கே பார்த்து மணையில் உட்கார வேண்டும். நல்ல நேரம் பார்த்தவர்கள் யாரும் கிழக்கே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"அத்தை, உள்ள வெச்சுக் கோத்துக்கலாமுங்க. அது பாத்துட்டே நிக்குதுங்க" என்றேன்.

"பாத்தா பாத்துட்டுப் போகுது. சூரியனுக்குக் காட்டாம எப்புடித்தா கட்டுறது?" என்றார் அத்தை.

அம்மா பூவும் பழமுமாகப் பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அத்தை பழைய கயிற்றை அவிழ்த்து, தாலியை உருவி, தாம்பாளத்தில் பரப்பிய மஞ்சளரிசிக்கு நடுவில் வைத்தார். எங்கள் ஆட்களின் தாலிக்கென்று ஓர் உரு உண்டு. பார்த்தவுடன் இன்னார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். அந்த உரு வெயிலில் மின்னியது. சுற்றிலும் குண்டு, காசு, பவளம். அத்தை எழுந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வலைப்பக்கமாக நடந்துபோய், தென்னைக்கு மேலே வந்துகொண்டிருந்த சூரியனுக்கு நேராக உயர்த்திப் பிடித்துக் கண்ணை மூடினார்.

சூரியன் பார்த்ததோ இல்லையோ, அது பார்த்தது. வலைக்கு மேலே ஆண் பறவையின் கழுத்து வந்தது. அவசரமே இல்லை. தலையைச் சாய்த்துத் தாம்பாளத்தை ஒரு கண்ணால் பார்த்தது. திருப்பி மறு கண்ணால் பார்த்தது. குண்டு வேண்டாம் என்றது, காசு வேண்டாம் என்றது. தாலியை எடுத்துக்கொண்டு தலையைப் பின்னால் ஒரு வெட்டு வெட்டியது. அதன் கழுத்தில் ஒரு சின்ன மேடு மெதுவாகக் கீழே இறங்கிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அத்தை மட்டும் பார்க்கவில்லை. "தீர்க்க சுமங்கலியா இரு தாயி" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

அதன்பிறகு எழுந்த சத்தத்தில் பெண் ஈமுவே ஓடி ஒளிந்துகொண்டது. அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அத்தை தாம்பாளத்து அரிசியை இரண்டு கையாலும் அளைந்து அளைந்து தேடினார், நாங்கள் எல்லோரும் பொய் சொல்கிறோம் என்பதுபோல. என் வீட்டுக்காரர் மட்டும் பதறவில்லை. "சாயங்காலத்துக்குள்ள பின்னாடி வந்துரும். ஆணியெல்லாம் வந்திருக்கு" என்றார். என் தாலியை அவர் ஆணியோடு சேர்த்துச் சொன்னதை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

மாமா மண் சலிக்கும் சல்லடையோடு அடைப்புக்குள் போய் நின்றார். அடைப்பின் மூலையில், வைக்கோலுக்கு நடுவே எட்டு முட்டைகள் கிடந்தன. ஈமு முட்டை வேப்பிலையைவிடக் கரும்பச்சை; ஒரு கையில் பிடிக்க முடியாது. கார்த்திகையிலிருந்து பெண் பறவை இட்டு வைத்தவை. பதினொரு மணி வாக்கில் நம் ஆள் அந்த மூலைக்கு நடந்துபோனது. முட்டைகளைக் குனிந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு காலை மடக்கி உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "உக்காந்துருச்சு" என்றார்.

"உக்காந்தா என்னங்க?"

"அடைக்கு உக்காந்துருச்சு."

"பொம்பளைதானுங்க அடைகாக்கும்?"

"நெறையப் பாடம் இருந்துச்சுன்னு சொன்ன?" என்று மாமா குறுக்கே கேட்டார்.

ஈமுவில் பெண் முட்டையிடுவதோடு சரி. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். என் வீட்டுக்காரர் அதை யார் முகத்தையும் பார்க்காமல், தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னார். "அம்பத்தாறு நாள் எந்திரிக்காது. திங்காது. தண்ணியும் குடிக்காது." காலால் மண்ணைக் கீறினார். "வெளிக்கும் போகாது."

மாமா சல்லடையைக் கீழே வைத்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குச் செய்த வடை பாயசத்தை யாரும் தொடவில்லை. அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தாலி தொலைந்தால் தாலி கட்டியவனுக்கு ஆகாது. அதுவும் தன் கையாலேயே தாம்பாளத்தில் வைத்து நீட்டியிருக்கிறோமே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அறுத்து எடுத்துப்புடுவோம்லே அப்பு. ஒரு கோழி போனாப் போகுது, உன் உசுருதாண்டா எனக்குப் பெருசு" என்று மகனிடம் மன்றாடினார். அவர் கேட்கவில்லை. "அது முட்டை மேல உக்காந்திருக்கும்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அத்தையின் கட்சி. என் கோபத்துக்குக் காரணம் அத்தையின் பயம் இல்லை. கல்யாணமாகி இரண்டு மாதத்தில் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசியதைவிட அந்த ஈமுவிடம் பேசியது அதிகம். இப்போது என் தாலியை அது தின்றபிறகும் அதன் பக்கமே நின்றால் நான் என்ன நினைப்பேன்? "உங்களுக்குத் தாலி பெருசுங்களா, கோழி பெருசுங்களா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்துப் பழக்கம், எவ்வளவு கோபம் வந்தாலும் ங்க போகாது. அவர் எழுந்து அடைப்புக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கழுத்தில் தொங்கிய மஞ்சள் கிழங்கைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

அம்மா ஊருக்குத் திரும்பிப்போய்த் தினமும் காலையில் போன் செய்தாள். "நல்லா இருக்கியா கண்ணு" என்ற கேள்வியே போய்விட்டது. "வந்துருச்சா?" என்பாள். "இல்லீங்மா" என்பேன். வைத்துவிடுவாள்.

அத்தை பன்னிரண்டு நாள் மாமாவைக் கரைத்தார். மகன் செம்பட்டிக்கு உரம் வாங்கப் போன ஒரு காலையில் மாமா திண்டுக்கல்லுக்குப் போன் போட்டார். முன்பு மற்ற ஈமுக்களை அறுத்து எடுத்துப் போனவர், அங்கே கறிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். மொபெட்டில், முன்னால் ஒரு பையோடு வந்து இறங்கினார். பையில் கத்தி இருப்பது அதன் தொங்கலிலேயே தெரிந்தது.

பாய் வலைக்கு அருகே போய் எட்டிப் பார்த்தார். "அடைலயாண்ணே இருக்கு?"

"ஆமா பாய்."

"போன்ல சொல்லலியே நீங்க."

"சொன்னா நீரு வரமாட்டீருன்னுதான்."

பாய் பையை மொபெட்டிலேயே மாட்டிவிட்டு வந்து, நான் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். "எங்க அத்தா எனக்கு இந்தத் தொழிலச் சொல்லிக்குடுத்தப்ப ரெண்டே ரெண்டு சொன்னாரு. கத்தி மொட்டையா இருக்கக் கூடாது. குட்டிக்கோ முட்டைக்கோ காவல் இருக்கறது மேல கைய வைக்கக் கூடாது."

"உள்ள எம்மருமக தாலி கெடக்கு பாய்!" என்றார் அத்தை. "எம்புள்ள உசுரு அது வயித்துக்குள்ள இருக்கு!"

பாய் டீயை ஊதிக் குடித்தார். "அப்ப தாலிக்குச் சொந்தக்காரங்க சொல்லட்டும். தங்கச்சி, நீங்க சொல்லுங்க. உங்க வாயால அறுன்னு சொல்லிட்டீங்கன்னா, மனசில்லேன்னாலும் பிஸ்மி சொல்லி அறுத்துத் தந்துட்டுப் போறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாளாக அந்த வீட்டில் "அறுங்க அறுங்க" என்று அத்தையைவிட உரக்கக் கத்தியவள் நான்தான். சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை. சொல்லுமுன் கடைசியாக அதைத் திட்டிவிடலாம் என்று வலைக்குப் பக்கத்தில் போனேன்.

ஆள் இளைத்திருந்தது. முதுகு எலும்பு இறகுக்கு மேலே தூக்கிக்கொண்டு தெரிந்தது. புது ஆள் வந்ததைக் கண்டு பெண் பறவை எப்போதோ அடைப்பின் அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. இது எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் தரையோடு தரையாக நீட்டி வைத்துக்கொண்டது. ஒரு முட்டை இறகுக்கு வெளியே உருண்டிருந்தது. அதை அலகால் தள்ளித் தள்ளி உள்ளே சேர்த்துக்கொண்டது. சேர்த்து முடித்தபிறகு தலையைத் தூக்கி, என் மூக்குத்தியைப் பார்த்தது.

பன்னிரண்டு நாள் பட்டினியிலும் புத்தி போகவில்லை பாருங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்குத்தியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"வேண்டாமுங்க பாய்" என்றேன்.

"என்னத்தா சொல்ற? எம்புள்ள..." என்று அத்தை பாய்ந்து வந்தார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "அத்தை, தாலி இப்ப எங்கீங்க இருக்குது? அது ஒடம்புலதானுங்க? தாலி இருக்கற ஒடம்புல கத்தி வெச்சா, அது யாருக்குங்க ஆகும்?"

அத்தை அப்படியே நின்றுவிட்டார். பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாயிண்ட்டு" என்றார்.

நான் நம்பிச் சொன்னதில்லை அது. ஆனால் அத்தை நம்பிவிட்டார். அதன் பலனை மிச்சமிருந்த நாற்பத்து நாலு நாளும் நாங்கள் அனுபவித்தோம்.

அன்று சாயங்காலமே அடைப்பின் மூலைக்குமேல் தென்னங்கீற்றில் நிழல் போட ஆள் வந்தது. தெரு நாய் ஒன்று வலைப்பக்கம் மோந்து பார்த்ததற்கு அத்தை அதைக் கிணறு வரைக்கும் விரட்டினார். வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். முதலில் மகனுக்குச் சுற்றுவார், பிறகு அதே கையோடு ஈமுவுக்கு. மிளகாய் நெடி வரவில்லை என்றால், "பாத்தியா, அம்புட்டுக் கண்ணு பட்டுருக்கு அது மேல" என்பார்.

என் வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். பைக் சாவியை அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். தென்னை மரத்தில் கை வைக்கக் கூடாது. கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. ரோட்டுக்குக் குறுக்கே போவதென்றால் மாமா கூடப் போக வேண்டும். ஈமு கண்ணைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அத்தை ஓடிவந்து மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அது சாப்பிடவில்லை என்பதால் இவரை இரண்டு பங்கு சாப்பிட வைத்தார். "அது இளைக்க இளைக்க நீ தின்னு ஈடு கட்டணும்லே" என்று தட்டில் வெஞ்சனத்தைக் குவித்தார். பங்குனி பிறப்பதற்குள் அவருக்குச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை.

மாமாவுக்கு இந்த ஏற்பாடு எதுவுமே பிடிக்கவில்லை. "ஆம்பள அடைல, பொம்பள மேய்ச்சல்ல. என்னடா குடும்பம் இது" என்று ஒருநாள் முனகினார். "நீங்களும் ஒருநா செத்த நேரம் உக்காந்து பாருங்களேன்" என்றார் அத்தை, முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெளியே போக முடியாத மனுஷனும், காவலுக்கு வைக்கப்பட்ட நானும் வலைக்கு இந்தப் பக்கம் எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். அது ஒருநாளைக்குப் பத்துத் தடவை எழுந்து முட்டைகளைத் திருப்பி வைக்கும்; மறுபடி உட்காரும். அதைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

"நெசமா சொல்லு. உன் பாடத்துல ஈமு எம்புட்டு இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒண்ணரை வரிங்க."

"தெரியும். ஜீரணம் ஆகுதுன்னு சொன்னப்பவே தெரியும்." அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "பாய் வந்தப்ப ஏன் வேணாம்னு சொன்ன?" என்றார்.

"அது எந்திரிக்கலைங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் வரும்போது பாய் வழியில நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. நீ மட்டும் அறுங்கன்னு சொல்லி, நான் அங்க இருந்திருந்தா, நானே புடிச்சுக் குடுத்திருப்பேன். உன் தாலி அது. மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன்."

கேட்டதும் இரண்டு மாதக் கோபமும் என்னிடமிருந்து எங்கோ போய்விட்டது. நான் போய் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். என் கழுத்திலிருந்த மஞ்சள் கிழங்கில் அந்த வாரம் ஒரு சின்ன முளை விட்டிருந்தது. பச்சைக் கிழங்கு, வேர்வை ஈரம், விட்டிருக்கும். அத்தை அதைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அதன்பிறகு கிழங்கை மாற்றவும் விடவில்லை.

சொன்னால் சொன்னபடி ஐம்பத்தாறாம் நாள் முதல் முட்டை விரிசல் விட்டது. எட்டில் ஆறு பொரித்தன. அணிலுக்கு முதுகில் இருப்பதுபோல் வரி வரியாக, உள்ளங்கையில் அடங்காத குஞ்சுகள். நம் ஆள் எழுந்து நின்றது. கால் தள்ளாடியது. நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் நாங்கள் நின்றோம். அத்தை கையில் தாம்பாளம், மாமா கையில் சல்லடை, என் காதில் போன், போனில் அம்மா.

குஞ்சு பொரித்த ஈமு சாது இல்லை என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெண் பறவையையே அது பக்கத்தில் அண்ட விடவில்லை. சல்லடையோடு உள்ளே போன மாமாவைப் பார்த்து ஓர் உறுமல் உறுமி, மார்பு உயரத்துக்குக் காலைத் தூக்கியது. மாமா ஓடிவந்து முருங்கை மரத்தில் ஏறினார். முருங்கைக் கிளை எப்படிப்பட்டது என்பது விவசாயியான அவருக்குத் தெரியாததா? கிளையும் அவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

என் வீட்டுக்காரரை மட்டும் அது உள்ளே விட்டது. இரண்டு நாள் வெறும் எச்சம்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில், என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் தானே சல்லடையை எடுத்துப்போய்க் குழாயடியில் அலசினார். கல், கல், ஒரு நட்டு, ஒரு ஊக்கு, இரும்புச் சாவி ஒன்று. கடைசியில் கல்லுக்கு அடியில் மஞ்சளாக ஒன்று. அவர் அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, யாரிடமும் காட்டாமல், என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

அத்தை ஓடிவந்தார். தாலியைக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சல்லடைக்குள் கையை விட்டு முதலில் எடுத்தது அந்தச் சாவியை. பீரோ சாவி. கழுவிக்கூடப் பார்க்காமல் அதை நேராக மாமாவின் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். மாமா இடுப்பில் ஒத்தடத்தோடு கட்டிலில் கிடந்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் தாலியைப் பார்த்தோம். எடை குறைந்து மெலிந்திருந்தது. அதன்மேல் இருந்த உரு இல்லை. ஐம்பத்தாறு நாளும் அதன் வயிற்றுக் கல் அரைத்து அரைத்து, புளியங்கொட்டைபோல் வழவழவென்று ஆக்கிவிட்டிருந்தது. கயிறு கோர்க்கும் வளையமும் தேய்ந்து அறுந்திருந்தது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். ஆசாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த உருன்னு ஒண்ணுமே தெரியலியேம்மா. நீங்க என்ன ஆளுகன்னு சொல்லுங்க, அந்த உருவை அடிச்சுத் தந்துர்றேன்" என்றார்.

அத்தை சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "வளையம் மட்டும் பத்த வெச்சுக் குடுங்க, போதுமுங்க" என்றேன். ஒரு ஜீவன் தன் பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடந்தபடியே தேய்த்துக் கொடுத்த தாலி. அதன்மேல் இன்னொரு ஆள் உளி பட வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அத்தை என்னையும் அதையும் பார்த்துவிட்டு, "அது எப்புடியோ, அவன் நல்லா இருந்தாச் சரி" என்று விட்டுவிட்டார். மறுநாள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கோர்த்தோம். கட்டுவதற்கு முன்னால், "ஒரே ஒரு தடவ சூரியனுக்கு..." என்று அத்தை ஆரம்பித்தார். நான், அவர், மாமா மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

அந்த ஈமு இப்போது இல்லை. நாலைந்து வருடம் இருந்து, இன்னும் இரண்டு தடவை அடை உட்கார்ந்து, போய்ச் சேர்ந்தது. அதன் மகன் ஒன்று அடைப்பில் இருக்கிறது. என் மகளின் கொலுசை நோட்டம் விடுகிறது. தாலி என் கழுத்தில் அப்படியே மொட்டையாக இருக்கிறது.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டில் ஓர் அம்மா. ஏறியதிலிருந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்படிப் பார்ப்பவர்களை எனக்குப் பழக்கம். ஊர் கேட்பார்கள், பேர் கேட்பார்கள், அதெல்லாம் முகவுரை. கடைசியில் பொறுக்க முடியாமல் கையை நீட்டி என் தாலியை எடுத்து, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நீங்க என்ன ஆளுகத்தா?" என்றார்.

"ஈமுங்க" என்றேன்.

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து தாலியை என் கழுத்தில் பத்திரமாக விட்டார்.

"அவுகளா? எங்க ஊர்லயும் ரெண்டு வீடு இருக்காக. நல்ல சனம்."